சீட்டுக் கம்பெனி மெக்கானிக்

ஜப்பானில் புல்லட் ரயில் ஓடத் தொடங்கியது 1964ஆம் ஆண்டு. அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்குள், 1970களின் கடைசியில் ஒரு நாள், அந்த ரயிலில் ஒரு பிரயாணி பொழுது போகாமல் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு சிறிய கால்குலேட்டர். கணக்கு ஒன்றும் போடவில்லை. பொத்தான்களை அழுத்துவார், எண்கள் வரும், பார்ப்பார், அழிப்பார், மறுபடி அழுத்துவார். உத்தியோகஸ்தர் மாதிரி உடை. ஆனால் செய்தது சிறு பிள்ளை விளையாட்டு.

அதே பெட்டியில் இருந்த இன்னொருவர் இதைக் கவனித்துக் கொண்டே வந்தார். அவர் பெயர் குன்பெய் யோகோய். நின்டெண்டோ என்ற கம்பெனியின் எஞ்சினீயர். கால்குலேட்டரில் விளையாட முடியுமானால், விளையாடுவதற்கென்றே ஒரு கால்குலேட்டர் செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது.

இந்தக் கட்டுரையை எழுதுகிறவனும் ரயில்வே சிப்பந்திதான். மும்பை லோக்கல் வண்டியில் நின்று கொண்டும் தொங்கிக் கொண்டும் செல்போனில் விளையாடுகிற வாலிபர்களைத் தினமும் பார்க்கிறேன். யோகோய் ஒரு பிரயாணியைப் பார்த்து ஒரு தொழிலையே எழுப்பினார். நாங்கள் லட்சக்கணக்கான பிரயாணிகளைப் பார்த்து டிக்கெட் கிழித்தோம்!

விளையாட்டுக் கருவிகளின் உலகத்தில் எது அசல், எது நகல் என்ற வழக்கு அன்று முதல் இன்று வரை ஓயவில்லை. அந்த வழக்கின் நடுவே நிற்கிறவர் யோகோய். அவர் செய்த சாமான்கள் பெரும்பாலும் பிறர் கண்டுபிடித்த உதிரிப் பாகங்களால் ஆனவை. அப்படி இருந்தும் உலகம் முழுவதும் அவரைத்தான் காப்பி அடித்தது. இது எப்படி நடந்தது என்று பார்ப்போம்.

வேலை தேடிய வாலிபர்

யோகோய் பிறந்தது 1941 செப்டம்பர் 10ஆம் தேதி, ஜப்பானின் பழைய தலைநகரான கியோட்டோவில். அங்கேயே தோஷிஷா பல்கலைக் கழகத்தில் மின்னியல் படித்தார். முதல் வரிசை மாணவர் அல்ல. பெரிய மின்சாரக் கம்பெனிகள் அவரை எடுத்துக் கொள்ளவில்லை. சொந்த ஊரை விட்டுப் போகவும் அவருக்கு மனமில்லை. கடைசியில் 1965ல், ஊரிலேயே இருந்த நின்டெண்டோவில் சேர்ந்தார்.

அன்றைய நின்டெண்டோ சீட்டுக்கட்டு தயாரிக்கும் கம்பெனி. 1889ஆம் ஆண்டு தொடங்கியது. ஹனாபுடா என்பது ஜப்பானியச் சீட்டு. 12 மாதங்களுக்கு 12 வகைப் பூக்கள், மொத்தம் 48 சீட்டு. அதை அச்சடித்து வெட்டி ஒட்டும் யந்திரங்கள் ஓடிக் கொண்டிருந்தன. அந்த யந்திரங்கள் பழுதாகாமல் பார்த்துக் கொள்வதுதான் யோகோய்க்குக் கொடுத்த உத்தியோகம். பட்டம் வாங்கியவருக்கு மெக்கானிக் வேலை.

யந்திரம் ஒழுங்காக ஓடினால் மெக்கானிக்குக்கு வேலை இல்லை. யோகோய்க்குப் பொழுது நிறைய மிஞ்சியது. தொழிற்சாலையில் இருந்த கடைசல் யந்திரங்களையும் கழிவுத் துண்டுகளையும் வைத்து ஏதாவது செய்து கொண்டிருந்தார். அப்படிச் செய்தவற்றில் ஒன்று நீளும் கை. குறுக்கும் மறுக்குமாகப் பட்டைகளைக் கோத்து, பிடியை நெருக்கினால் முன்னால் நீண்டு, எதிரில் உள்ள பொருளைக் கவ்விப் பிடிக்கும். மும்பையில் பழைய கட்டடங்களின் லிப்டுக்கு மடக்கு இரும்புக் கதவு பார்த்திருப்பீர்கள். அதே தத்துவம்தான். புதிதாகக் கண்டுபிடிக்க அதில் ஒன்றும் இல்லை.

கம்பெனித் தலைவர் ஹிரோஷி யமவுச்சி கண்டிப்பான மனிதர். 1966ல் தொழிற்சாலையைச் சுற்றி வந்தபோது, வேலை நேரத்தில் ஒரு மெக்கானிக் விளையாடிக் கொண்டிருப்பதைப் பார்த்து விட்டார். பிறகு அறைக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. வசவு விழப் போகிறது என்று நினைத்துக் கொண்டேதான் யோகோய் போனார். போனால், அந்தக் கையை விற்பனைக்கு ஏற்ற பொம்மையாகச் செய்து தரும்படி உத்தரவு கிடைத்தது! கிறிஸ்துமஸ் வியாபாரத்தைக் குறி வைத்து அது 'அல்ட்ரா ஹேண்ட்' என்ற பெயரில் கடைக்கு வந்தது. 12 லட்சத்துக்கு மேல் விற்றது.

அப்போது கம்பெனி இருந்த நிலையையும் சொல்ல வேண்டும். சீட்டு வியாபாரம் தேய்ந்து கொண்டிருந்தது. டாக்ஸி ஓட்டிப் பார்த்தார்கள், வெந்நீர் ஊற்றினால் சாதமாகும் அரிசி விற்றுப் பார்த்தார்கள். ஒன்றும் தேறவில்லை. மெக்கானிக்கின் கைதான் கம்பெனிக்குக் கை கொடுத்தது. யந்திர எண்ணெய் துடைத்த யோகோய் பொம்மை இலாகாவுக்கு மாறினார்.

இடது பக்கம் மட்டும் திரும்பும் கார்

அடுத்த சில ஆண்டுகளில் அவர் செய்த சாமான்களைப் பார்த்தால் ஒரு பொதுவான குணம் தெரியும். 1969ல் 'லவ் டெஸ்டர்' என்று ஒன்று வந்தது. ஆணும் பெண்ணும் ஆளுக்கொரு உலோக உருண்டையைப் பிடித்துக் கொண்டு, மற்றக் கையால் ஒருவர் கையை ஒருவர் பிடிக்க வேண்டும். முள் நகர்ந்து காதலின் அளவைக் காட்டும். உள்ளே இருந்தது உடம்பின் வழியே பாயும் மிகச் சிறிய மின்சாரத்தை அளக்கும் சாதாரண மீட்டர். பள்ளிக்கூட ஆய்வுக் கூடத்தில் இருக்கும் சாமான். பெண்களின் கையைப் பிடிக்க ஒரு சாக்கு வேண்டும் என்றுதான் அதைச் செய்ததாக யோகோயே பிற்காலத்தில் ஒப்புக் கொண்டார்.

எனக்கு மிகவும் பிடித்தது 1972ல் வந்த 'லெப்டி ஆர்.எக்ஸ்.' என்ற ரேடியோ கார். கம்பியில்லாமல் தூரத்தில் இருந்து ஓட்டும் பொம்மைக் கார்கள் அப்போது பணக்காரப் பிள்ளைகளுக்குத்தான் எட்டும். இடது, வலது, முன், பின் என்று ஒவ்வோர் அசைவுக்கும் தனித் தனிச் சமிக்ஞை வேண்டும். அதனால் விலை ஏறும். யோகோய் ஒரே ஒரு சமிக்ஞையை வைத்துக் கொண்டார். பொத்தானை அழுத்தினால் கார் இடது பக்கம் திரும்பும். விட்டால் நேராகப் போகும். வலது பக்கம் திரும்பவே திரும்பாது. வட்டமாக ஓடும் பந்தயத்துக்கு இடது பக்கம் திரும்பினால் போதாதா என்பது அவர் கணக்கு. விலை பல மடங்கு குறைந்தது.

பாதி வேலை செய்யும் சாமானைத் தலையில் கட்டிய வியாபாரத் தந்திரம் என்று இதைச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எதை விடலாம், எதை விடக் கூடாது என்று தெரிந்தவன்தான் ஏழை வீட்டுக்கும் பொம்மை செய்ய முடியும்.

1970ல் வந்த ஒளித் துப்பாக்கியும் இப்படித்தான். சூரிய வெளிச்சத்தில் மின்சாரம் உண்டாக்கும் சிறு தகடுகளை விற்க, ஷார்ப் கம்பெனியின் சார்பில் மசாயுகி உவெமுரா என்ற எஞ்சினீயர் வந்தார். மின்சாரம் எடுக்க அந்தத் தகட்டைச் செய்திருந்தார்கள். யோகோயோ அதைக் குறி பார்த்துச் சுடும் இலக்காக வைத்து விட்டார். துப்பாக்கியில் இருந்து பளிச்சென்று ஒளி பாயும். தகட்டில் பட்டால் பாட்டில் சிதறும், சிங்கம் உறுமும். தகடு விற்க வந்த உவெமுராவும் பிறகு நின்டெண்டோவிலேயே சேர்ந்து விட்டார்.

இதே வித்தையைப் பெரிதாக்கி, வியாபாரம் படுத்துப் போன பவுலிங் கூடங்களில் 1973ல் ஒளித் துப்பாக்கிக் கூடங்களைத் திறந்தார்கள். அந்த ஆண்டே எண்ணெய் நெருக்கடி வந்தது. ஆர்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ரத்தாயின. கம்பெனி கடனில் மூழ்கியது.

காப்பி அடித்த காலம்

வழக்கு என்றால் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். நின்டெண்டோ கம்பெனியும் பிறரைப் பார்த்துச் செய்த கம்பெனிதான். டென்மார்க்கின் லெகோ கட்டைகளைப் பார்த்து 1968ல் இவர்களும் கட்டை விற்றார்கள். 1978ல் வேறொரு ஜப்பானியக் கம்பெனியின் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' நாட்டையே ஆட்டி வைத்தது. அடுத்த ஆண்டே நின்டெண்டோ 'ஸ்பேஸ் பீவர்' என்று அதே போல் ஒன்றை இறக்கியது.

டெலிவிஷனில் பந்து அடிக்கும் விளையாட்டின் கதை இன்னும் சுவாரசியமானது. ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ரால்ப் பேர் என்ற எஞ்சினீயர் கண்டுபிடித்த கருவியை, மேக்னவாக்ஸ் கம்பெனி 1972ல் 'ஒடிசி' என்று விற்றது. அதன் காட்சி ஒன்றை அந்த ஆண்டு மே மாதம் நோலன் புஷ்னெல் என்பவர் போய்ப் பார்த்தார். ஆண்டு முடிவதற்குள் அவருடைய அட்டாரி கம்பெனியின் 'பாங்' வெளிவந்து பணத்தை அள்ளியது. மேக்னவாக்ஸ் வழக்குப் போட்டது. 1976ல் அட்டாரி பணம் கட்டி உரிமம் பெற்றுச் சமாதானமாகப் போனது. அசல்காரரை விட, பார்த்துச் செய்தவர் பெயர்தான் ஊரெல்லாம் பரவியது என்பதும் உண்மை. ரால்ப் பேருக்கு அமெரிக்க ஜனாதிபதி பதக்கம் கிடைக்க 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நின்டெண்டோவும் 1977ல் அதே பந்து விளையாட்டைத்தான் ஜப்பானில் விற்றது. ஆக யோகோய் வேலை செய்தது, ஒருவர் சமையலை இன்னொருவர் எட்டிப் பார்த்துக் கொண்டிருந்த வீதியில்.

காடிலாக் காரில் ஒரு பேச்சு

இப்போது ரயில் பெட்டிக்குத் திரும்புவோம். யோகோய்க்குத் தோன்றிய எண்ணம் மனசிலேயே கிடந்தது. ஒரு நாள் தலைவர் யமவுச்சியின் டிரைவருக்கு உடம்பு சரியில்லை. அவருடைய கார் அமெரிக்காவின் காடிலாக். ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும். ஜப்பானில் நம் நாட்டைப் போலவே சாலையின் இடது பக்கம் போவார்கள், ஸ்டியரிங் வலது பக்கம். வெளிநாட்டுக் கார் ஓட்டிப் பழகியவர் கம்பெனியில் யோகோய்தான். ஆகவே இலாகாத் தலைவரான எஞ்சினீயர் அன்று டிரைவராக உட்கார்ந்தார்.

வழியில் பேச்சு வேண்டுமே என்று கால்குலேட்டர் விளையாட்டைப் பற்றிச் சொன்னார். தலைவர் தலையை ஆட்டிக் கொண்டாரே தவிர, கேட்ட மாதிரி தெரியவில்லை. ஒசாகாவில் அன்று நடந்த கூட்டத்தில் யமவுச்சிக்குப் பக்கத்து நாற்காலி ஷார்ப் கம்பெனித் தலைவருக்கு. ஒரு வாரம் கழித்து ஷார்ப் கம்பெனியின் பெரிய அதிகாரிகள் நின்டெண்டோவுக்கு வந்து இறங்கிய போதுதான், காரில் பேசியது வீண் போகவில்லை என்று யோகோய்க்குத் தெரிந்தது.

ஷார்ப் ஏன் ஓடி வந்தது? ஷார்ப்புக்கும் காசியோவுக்கும் நடந்த கால்குலேட்டர் யுத்தம்தான் காரணம். காசியோ 1972ல் 12,800 யென்னுக்குச் சிறிய கால்குலேட்டரை விற்றது. மறு ஆண்டு ஷார்ப் திரவப் படிகத் திரை வைத்த கால்குலேட்டரைக் கொண்டு வந்தது. போட்டியில் விலை சரிந்து கொண்டே போயிற்று. எல்லார் கையிலும் கால்குலேட்டர் வந்து விட்ட பிறகு, திரை செய்யும் தொழிற்சாலைகளுக்கு வேலை வேண்டியிருந்தது.

யோகோய் செய்தது இதுதான். கால்குலேட்டர் திரையில் 8 என்ற எண் ஏழு சிறு கோடுகளால் ஆனது. வேண்டிய கோடுகள் மட்டும் கறுத்தால் வேறு எண்கள் கிடைக்கும். கோடுகளுக்குப் பதிலாக ஒரு மனிதனின் கை, மேலே எறிந்த பந்து என்று பல இடங்களில் உருவங்களை முன்கூட்டியே திரையில் பதித்து விட்டால்? ஒன்று மறைந்து அடுத்தது கறுக்கும்போது பந்து நகர்வது போலத் தெரியும். கால்குலேட்டரில் இருக்கும் அதே வகைச் சில்லு, அதே வகைத் திரை, அதே பொத்தான் பேட்டரி. புதிதாகச் சேர்த்தது படம் மட்டும்.

உருவத்தையும் யோசித்துத்தான் வைத்தார். ரயிலில் உட்கார்ந்திருக்கும் மனிதன் கைகளை மடியில் வைத்துக் கொண்டிருப்பான். பெரிய மனிதன் விளையாடுவது வெளியே தெரிந்தால் வெட்கம். ஆகவே சாமான் இரு கைக்குள் அடங்க வேண்டும், இரண்டு கட்டைவிரல்களால் ஆட முடிய வேண்டும். 1980 ஏப்ரல் மாதம் 'கேம் அண்ட் வாட்ச்' வரிசையின் முதல் விளையாட்டு 'பால்' 5,800 யென் விலையில் வந்தது. பந்துகளை எறிந்து பிடிக்கும் விளையாட்டு. கூடவே மணியும் காட்டும்.

கையடக்க எலக்ட்ரானிக் விளையாட்டை முதலில் செய்தவர் யோகோய் என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. அமெரிக்காவின் மேட்டல் கம்பெனி 1976லேயே சிவப்புப் புள்ளிகள் ஓடும் கார் பந்தயத்தை விற்றது. முதலில் வந்தவர் அவரில்லை. ஆனாலும் நிலைத்தது அவருடையதுதான். 1991 வரை சுமார் 60 வகைகளில் 4 கோடியே 30 லட்சத்துக்கு மேல் விற்று, கம்பெனியின் கடனை அடைத்தது.

கூட்டல் குறி

1982ல் 'டாங்கி காங்' விளையாட்டைக் கையடக்கமாகச் செய்ய வேண்டி வந்தது. கடைகளில் வைக்கும் பெரிய யந்திரத்தில் அதை ஆட ஒரு கம்பு இருக்கும். மடித்துப் பையில் போடும் சாமானில் கம்பு எப்படி நிற்கும்? நான்கு திசைக்கு நான்கு பொத்தான் வைப்பது அதற்கு முன்பே பழக்கத்தில் இருந்தது. ஆனால் விரல் எந்தப் பொத்தான் மேல் இருக்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டும். பார்க்கும் நேரத்தில் ஆட்டம் போய் விடும்.

யோகோய் நான்கையும் ஒரே துண்டாக, கூட்டல் குறி வடிவத்தில் இணைத்தார். நடுவில் தாங்கி. ஒரு பக்கம் அழுத்தினால் எதிர்ப் பக்கம் மேலே எழும். எந்தத் திசையில் அழுத்துகிறோம் என்று கட்டைவிரலே சொல்லி விடும். கண் திரையை விட்டு நகர வேண்டாம். ஏற்றமும் இறக்கமும் உள்ள ஒரு பிளாஸ்டிக் துண்டு. அவ்வளவுதான். 1983ல் வந்த நின்டெண்டோவின் வீட்டு விளையாட்டுக் கருவியிலும் அதையே வைத்தார்கள். அந்தக் கருவியை வடிவமைத்தவர் முன்பு தகடு விற்க வந்த அதே உவெமுரா.

அமெரிக்காவில் காப்புரிமை இருந்ததால் மற்றக் கம்பெனிகள் அதை அப்படியே எடுக்க முடியவில்லை. ஒருவர் வட்டத் தட்டு வைத்தார். 1994ல் பிளேஸ்டேஷன் கொண்டு வந்த சோனி, வெளியே நான்கு துண்டாகத் தெரியும்படி வைத்தது. எப்படிச் சுற்றி வளைத்தாலும் கட்டைவிரல் போய் நிற்பது யோகோய் போட்ட கோட்டில்தான்.

சுற்றி வளைக்காமல் நேராக எடுத்துக் கொண்டவர்களும் உண்டு. சோவியத் யூனியனில் 1984 வாக்கில் எலக்ட்ரோனிகா என்ற அரசாங்கத் தயாரிப்பாக ஒரு கையடக்க விளையாட்டு விற்றது. ஓநாய் ஒன்று கூடையை வைத்துக் கொண்டு, நான்கு பக்கமும் இருந்து உருண்டு வரும் முட்டைகளைப் பிடிக்கும். கேம் அண்ட் வாட்ச் வரிசையில் 1981ல் வந்த முட்டை விளையாட்டின் நேர் நகல். அங்கே பிரபலமான கார்ட்டூன் ஓநாயை வைத்து விட்டார்கள், அவ்வளவுதான். உரிமம் எதுவும் வாங்கவில்லை. 1,000 புள்ளி எடுத்தால் திரையில் கார்ட்டூன் படம் ஓடும் என்று ரஷ்யப் பிள்ளைகளிடையே ஒரு வதந்தி உண்டு. எத்தனை பேர் கண் வலிக்க ஆடினார்களோ! படம் ஒன்றும் ஓடாது.

நம் பக்கமும் குறைவில்லை. நான் சிறுவனாக இருந்தபோது ஊர்த் திருவிழாவில் '9999 இன் 1' என்று எழுதிய விளையாட்டுப் பெட்டி வாங்கித் தரச் சொல்லி அப்பாவிடம் அழுதிருக்கிறேன். வாங்கியும் தந்தார். 9,999 விளையாட்டு என்று போட்டிருந்தாலும் உள்ளே இருந்தது பத்துப் பதினைந்துதான்; மற்றவை அதே விளையாட்டு வேறு வேகத்தில். அந்தப் பெட்டியின் உருவம் யாருடையது, உள்ளே விழும் கட்டைகள் யாருடையவை என்று எனக்கு அப்போது தெரியாது. இரண்டும் அடுத்த கதையில் வருகின்றன.

நிறம் இல்லாத வெற்றி

1980களின் கடைசியில் யோகோயின் இலாகா, கேஸட் மாற்றி மாற்றி ஆடக் கூடிய கையடக்கக் கருவியில் இறங்கியது. அதுதான் 'கேம் பாய்'. இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். யோகோய் மனதில் இருந்தது இன்னும் எளிய, மலிவான ஒரு பொம்மை. பல ஆண்டுகள் நிலைத்து நிற்கும் கருவியாக அது இருக்க வேண்டும் என்று வாதாடியவர் அவருக்குக் கீழே வேலை செய்த சதோரு ஒகாடா. யோகோய் கடைசியில் விட்டுக் கொடுத்தார். கேம் பாயின் புகழில் ஒகாடாவுக்கும் பங்கு உண்டு.

திரையில் நிறம் கிடையாது. பச்சை கலந்த சாம்பலில் நான்கு சாயல் மட்டும். இருட்டில் தெரியாது. வண்ணத் திரை அப்போதே இருந்தது. இருந்தும் யோகோய் வேண்டாம் என்றார். காரணம் பேட்டரி. நான்கு பென்சில் பேட்டரியில் கேம் பாய் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். அதே 1989ல் வந்த அட்டாரியின் 'லிங்க்ஸ்', மறு ஆண்டு வந்த சேகாவின் 'கேம் கியர்' இரண்டும் வண்ணம், இரண்டும் ஆறு பேட்டரி, இரண்டும் நாலைந்து மணி நேரத்தில் அணைந்து விடும். போட்டிக் கம்பெனி வண்ணத்தில் செய்கிறது என்று செய்தி வந்தபோது யோகோய் கவலைப்படவில்லை, நிம்மதி அடைந்தார் என்று சொல்வார்கள். பேட்டரி விலை என்ன என்று தெரிந்த மனிதர்.

1989 ஏப்ரல் 21ஆம் தேதி 12,500 யென் விலையில் கேம் பாய் ஜப்பானில் வெளிவந்தது. அமெரிக்காவில் அதனுடன் சேர்த்துக் கொடுத்த விளையாட்டு 'டெட்ரிஸ்'. மேலே இருந்து விழும் கட்டைகளை அடுக்குவது. அதை 1984ல் மாஸ்கோவில் எழுதியவர் அலெக்சி பஜித்னவ் என்ற ரஷ்யர். யோகோயின் முட்டை விளையாட்டை ரஷ்யர்கள் காசு கொடுக்காமல் எடுத்துக் கொண்டார்கள். ரஷ்யரின் கட்டை விளையாட்டை ஜப்பானியர் காசு கொடுத்து வாங்கி, யோகோயின் பெட்டியில் போட்டு உலகம் முழுவதும் விற்றார்கள். எங்கள் திருவிழாக் கடைக்கு வந்தது இந்த இரண்டையும் சேர்த்து அடித்த நகல்.

பிற்பாடு வந்த வண்ணக் கேம் பாயையும் சேர்த்து 11 கோடியே 86 லட்சம் விற்றது. வளைகுடா யுத்தத்தில் குண்டு விழுந்து கருகிய கேம் பாய் ஒன்று, நியூயார்க்கில் நின்டெண்டோ கடையில் ஓடியபடியே பல ஆண்டுகள் காட்சிக்கு இருந்தது.

நாள்பட்ட, மலிந்து போன, குறை நிறை எல்லாம் தெரிந்து விட்ட உதிரிப் பாகத்தை எடுத்து, யாரும் நினைக்காத வேறொரு வேலைக்கு வைப்பது யோகோயின் வழி. இதை அவர் ஒரு கொள்கையாகவே சொல்லி வந்தார். எனக்கென்னவோ இது கல்லூரியில் கற்ற பாடமாகத் தெரியவில்லை. பழுது பார்க்கிறவனுக்குத்தான் புதுச் சாமான் மேல் பயம் இருக்கும். எது எங்கே உடையும் என்று தெரிந்த பழைய சாமான் மேல் நம்பிக்கை இருக்கும். சீட்டு யந்திரத்துக்கு எண்ணெய் போட்ட ஆண்டுகள் வீண் போகவில்லை.

யாரும் காப்பி அடிக்காத ஒன்று

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஒரு கம்பெனி, கண்ணருகே வைத்துப் பார்க்கும் சிறு திரை ஒன்றைச் செய்திருந்தது. ஒரே வரிசையாக 224 சிவப்பு விளக்குப் புள்ளிகள். எதிரே ஒரு கண்ணாடி வேகமாக ஆடும். அந்த ஆட்டத்தில் ஒரு வரிசை விரிந்து முழுப் படமாகத் தெரியும். இரண்டு கண்ணுக்கும் தனித் தனியே காட்டினால் படத்துக்கு ஆழம் வந்து விடும். வேறு கம்பெனிகள் வேண்டாம் என்று விட்ட இதை யோகோய் விரும்பி எடுத்தார். எல்லாரும் எல்லாரையும் பார்த்து ஒரே மாதிரி விளையாட்டுகளைச் செய்கிறார்கள், யாரும் காப்பி அடிக்க முடியாத ஒன்றைச் செய்ய வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது.

1995 ஜூலையில் 'வர்ச்சுவல் பாய்' ஜப்பானில் வந்தது. விலை 15,000 யென். ஆகஸ்டில் அமெரிக்காவில் 180 டாலர். மேஜை மேல் கால் வைத்து நிறுத்தி, குனிந்து முகத்தைப் புதைத்துக் கொண்டு ஆட வேண்டும். கறுப்புப் பின்னணியில் சிவப்பைத் தவிர வேறு நிறம் இல்லை. கழுத்து வலி, தலைவலி என்று புகார்கள் வந்தன. ஏழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் ஆடக் கூடாது என்று கம்பெனியே எச்சரிக்கை போட்டது. பக்கத்தில் நிற்பவருக்கு என்ன நடக்கிறது என்று தெரியாது. பார்த்து ஆசைப்பட்டு வாங்க வழி இல்லை. சுமார் 7 லட்சத்து 70 ஆயிரம் விற்றது. ஜப்பானில் அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே நிறுத்தி விட்டார்கள்.

அசல் என்றால் இதுதான் அவர் செய்தவற்றில் முழு அசல். ஒருவரும் அதைக் காப்பி அடிக்கவில்லை. ரயில் பிரயாணியின் மடியைப் பார்த்துச் சாமான் செய்தவர், இந்த முறை அந்தப் பிரயாணியை மறந்து விட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது. கூடவே, கம்பெனி அவசரப்பட்டு விற்பனைக்கு இறக்கியதும் ஒரு காரணம் என்று சொல்கிறவர்கள் உண்டு.

இந்தத் தோல்விக்காக அவரை விரட்டி விட்டார்கள் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறது. ஐம்பது வயதை ஒட்டி விலகிச் சொந்தத் தொழில் தொடங்கும் எண்ணம் முன்பே இருந்ததாக அவர் தரப்பில் சொல்லியிருக்கிறார். தோற்ற கையோடு போக அவர் விரும்பவில்லை. கேம் பாயைச் சிறிதாக்கி, திரையைத் தெளிவாக்கி, 'கேம் பாய் பாக்கெட்' என்று 1996 ஜூலையில் வெளியிட்டார். அது நன்றாக விற்றது. மறு மாதம், 31 ஆண்டு வேலை பார்த்த கம்பெனியை விட்டு விலகினார்.

கியோட்டோவிலேயே 'கோட்டோ' என்ற சிறிய கம்பெனியைத் தொடங்கினார். பந்தாய் என்ற பொம்மைக் கம்பெனிக்காக ஒரு புதிய கையடக்கக் கருவியில் வேலை நடந்தது. தாம் செய்த சாமான்களின் கதையைச் சொல்லும் புத்தகம் ஒன்றும் 1997ல் வெளிவந்தது.

அந்த ஆண்டு அக்டோபர் 4ஆம் தேதி. இஷிகாவா மாகாணத்தில் ஹொக்குரிக்கு நெடுஞ்சாலையில் அவர் பிரயாணம் செய்த கார் முன்னால் போன லாரி மீது லேசாக மோதியது. சேதம் என்ன என்று பார்க்க இறங்கினார். பின்னால் வந்த இன்னொரு கார் அவரை மோதி விட்டது. அப்போது அவருக்கு வயது 56.

அவர் வேலை செய்து கொண்டிருந்த கருவி 'வொண்டர்ஸ்வான்' என்ற பெயரில் 1999 மார்ச் 4ஆம் தேதி வெளிவந்தது. விலை 4,800 யென். நிறம் இல்லை. ஒரே ஒரு பென்சில் பேட்டரியில் 30 மணி நேரம் ஓடியது. அதனுடன் வந்த புதிர் விளையாட்டு ஒன்றைக் கோட்டோ கம்பெனிக்காரர்கள் செய்தார்கள். கோடுகளைச் சேர்த்து இடமிருந்து வலம் வரை இணைக்க வேண்டும். அதற்கு 'குன்பெய்' என்று அவர் பெயரையே வைத்தார்கள்.